கட்டுச்சோறு: தமிழர் பயண உணவும் அடுக்களை அறிவும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழர் உணவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விருந்தோம்பலை மையமாகக் கொண்டுள்ளன. வழிப்போக்கர் உண்டவற்றைத் தனியே எடுத்து நோக்கினால், விருந்தோம்பல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத மாற்றங்கள் புலப்படுகின்றன. பயணி பிறர் சமைத்ததை ஏற்று உண்டான். அல்லது அரிசியும் கறிகாயும் பெற்றுத் தானே சமைத்தான். அல்லது வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனான். இம்மூன்றில் எது எக்காலத்தில் மேலோங்கியது என்பது, யார் கையால் யார் உண்ணலாம் என்ற சமூக விதியோடு பிணைந்துள்ளது. ஆற்றுப்படை நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடர்வண்டி நிலையங்கள் வரை இவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டுச்சோறு, ஆற்றுணா, ஆற்றுப்படை, சத்திரம், உடனுண்ணல், சமையல் நூல்

முன்னுரை

வழிப்பயணத்திற்கென எடுத்துச் செல்லும் உணவைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. பழமொழி நானூறு ‘ஆற்றுணா’ என்கிறது. நாலடியார் ‘தோட்கோப்பு’ என்ற சொல்லை ஆள்கிறது. தோளில் தொங்கவிட்டுச் செல்லும் உணவு மூட்டை என்பது அதன் பொருள். சைவ இலக்கியம் பொதிசோறு, கட்டமுது என்கிறது. பேச்சுவழக்கில் கட்டுச்சோறு, கட்டுச்சாதம் என்பன இன்றும் உள்ளன. இவற்றுள் முதலிரண்டும் அற நூல்களில் உவமையாகவே வருகின்றன. கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடாதலின் வழியுணவு வேண்டியதில்லை என்பது ஒன்று. கூற்றுவன் வருமுன் அறத்தைத் தோட்கோப்பாகக் கட்டிக்கொள்க என்பது மற்றொன்று. கேட்போர் உடனே உணரத்தக்க பொருளே உவமையாகும் என்பதால், உணவைக் கட்டிக்கொண்டு புறப்படுதல் அந்நூல்களின் காலத்தில் அன்றாட நடைமுறையாக இருந்தது எனக் கொள்வதில் தடையில்லை.

எனினும் அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது, அதை யார் கட்டினார் என்பதை அந்நூல்கள் கூறவில்லை. பயண உணவு பற்றிய சான்றுகள் அனைத்திலும் இக்குறை தொடர்கிறது. நடந்தவனின் குரல் கிடைக்கிறது; அடுப்படியில் நின்றவளின் குரல் கிடைப்பதில்லை. ஆகவே எழுத்துச் சான்றோடு, இன்றும் வழங்கும் சமையல் முறைகளின் உள்ளமைப்பையும் சான்றாகக் கொண்டே இப்பொருளை அணுக வேண்டியுள்ளது.

ஆற்றுப்படைகளில் வழியுணவு

பயணத்தையும் உணவையும் ஒருசேரப் பாடிய நூல்கள் என்ற வகையில் ஆற்றுப்படைகள் தனித்த இடம் பெறுகின்றன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையில் வாடி எதிர்வரும் கலைஞனுக்கு வழி கூறுகிறான். அவ்வழி நெடுகிலும் எந்த ஊரில் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்பதே பாட்டின் பெரும்பகுதி.

பெரும்பாணாற்றுப்படையின் வழி எயினர் குடியிருப்பிலிருந்து தொடங்குகிறது. அங்குள்ள பெண்டிர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி, குற்றி, கிணற்றில் ஊறிய உவர்நீரை உலையாக வார்த்து, வாய் உடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைத்து, உலர்ந்த இறைச்சியுடன் தருகின்றனர். குறிஞ்சியில் செந்நெல் சோறும் உடும்புக் கறியும், இடையர் குடியில் பாலோடு தினைச்சோறும், முல்லை நிலத்துச் சிற்றூரில் அவரைப் பருப்பு விரவிய வரகுச் சோறும், மருதத்தில் வெண்ணெல் சோறும் கோழியும் என வழி நீள நீள இலையும் மாறுகிறது. அந்தணர் குடியிருப்பில் இறைச்சி இல்லை, பறவையின் பெயர் கொண்ட நெல்லின் சோறும், மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் கிடைக்கின்றன (பெரும்பாண். 300–310).

இந்நிரலைத் திணைக்கேற்ற உணவு என்ற வாய்பாட்டுக்குள் அடக்கிவிடுவது வழக்கம். அவ்வாய்பாடு தவறன்று; ஆயினும் அது ஒன்றை மறைத்துவிடுகிறது. மேற்கண்ட அனைத்தும் சமைத்த உணவு. எயிற்றி சமைத்ததையும் அந்தணப் பெண் சமைத்ததையும் ஒரே பாணன், ஒரே பயணத்தில், ஒரே சுற்றத்தோடு உண்கிறான். எந்த வீட்டிலும் அவனுக்கு அரிசியாகக் கொடுத்து நீயே சமைத்துக்கொள் எனக் கூறியதாகப் பாட்டில் இல்லை. பாணனுக்கு அந்தணர் மனையில் சோறு கிடைப்பதைப் புலவர் வியப்பாகவோ விதிவிலக்காகவோ சுட்டவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. புலவர் காட்டுவது புரவலனின் நாட்டு வளத்தைப் புகழும் இலட்சியச் சித்திரம் என்ற எதிர்வாதம் எழலாம். அது இலட்சியமே ஆயினும், அத்தகைய இலட்சியம் அன்று சொல்லக்கூடியதாக இருந்தது என்பதே வரலாற்றுக்குப் போதுமான செய்தி.

சிறுபாணாற்றுப்படை இதற்கு ஒரு மறுபக்கத்தைத் தருகிறது. வழியில் எயிற்பட்டினத்துச் சுட்ட மீன், வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சுவைச் சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கலவையும் எனப் பயணம் சுவைபட நகர்கிறது. ஆனால் பாணனின் சொந்த வீட்டு அடுப்பு எப்படி இருந்தது என்பதையும் நத்தத்தனார் முன்கூட்டியே காட்டிவிடுகிறார். பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து, உப்புக்கு வழியின்றி வேகவைத்து, பிறர் கண்ணில் படுவதற்கு நாணி வாயிலை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள் (சிறுபாண். 130–140). பயணத்தில் வாயில்கள் திறக்கின்றன. வீட்டில் வாயில் அடைக்கப்படுகிறது. பாணனின் பயணம் சுவைக்காக மேற்கொண்ட உலா அன்று, பட்டினியிலிருந்து வெளியேறும் வழி என்பதை மறந்துவிட்டு ஆற்றுப்படைகளை ‘உணவுச் சுற்றுலா’வின் முன்னோடியாகக் காட்டும் அண்மைக் காலப் போக்கு ஏற்கத்தக்கதன்று.

அதே நூலின் இறுதியில் நல்லியக்கோடனின் அரண்மனை உணவு வருகிறது. அருச்சுனனின் தமையனாகிய வீமன் இயற்றிய நூலின் நெறி வழுவாமல் ஆக்கிய பல்வேறு அடிசில் என்று அது சிறப்பிக்கப்படுகிறது (சிறுபாண். 238–241). சமையலுக்கு என ஒரு நூல் இருந்தது என்ற கருத்து தமிழில் பதிவாகும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. நூல் அரண்மனையில், ஆணின் பெயரால் இருக்கிறது. வேலூர் எயிற்றிக்கோ ஆமூர் உழத்திக்கோ நூல் இல்லை. கைப்பக்குவம் மட்டுமே உண்டு. சமையலறிவு எழுத்தாகவும் கைவழக்காகவும் பிரிந்து நிற்கும் நிலை இருபதாம் நூற்றாண்டு வரை பெரிதும் மாறவில்லை.

வேலூர்ப் புளிச்சோற்றை இன்றைய புளியோதரையின் மூதாதை என்று எழுதுவோர் உளர். இருவேறு பண்டங்கள் என்றே தோன்றுகிறது. அது சூட்டோடு, இறைச்சியுடன், ஆக்கிய இடத்திலேயே பரிமாறப்பட்டது. புளியோதரையின் இலக்கணமோ ஆறிய பின்னும் கெடாமை. சுவை ஒத்திருப்பதைக் கொண்டு மட்டும் தொடர்ச்சி காட்ட இயலாது.

கட்டிச் செல்லும் உணவுக்கு உண்மையான முன்னோடி பெரும்பாணாற்றுப்படையிலேயே வேறோரிடத்தில் உள்ளது. உப்பு வணிகராகிய உமணரின் வண்டித் தொடரில், கைக்குழந்தையுடன் பெண்ணொருத்தி எருது ஓட்டிச் செல்கிறாள். அவள் வண்டியில் காடி வைத்த கலன் கயிற்றால் பிணிக்கப்பட்டுத் தொங்குகிறது. காடி என்பது புளித்த நீர், ஊறுகாய் ஆகிய பொருள்களில் வழங்குவது. பல நாள் நீளும் வழியில் அன்றன்று ஆக்கும் சோற்றுக்குத் துணையாகப் புளிப்பேறிய ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு செல்லும் உத்தியை இக்காட்சி தெளிவாகக் காட்டுகிறது. கலத்தைச் சுமப்பதும் வண்டியை ஓட்டுவதும் பெண் என்பது கூடுதல் செய்தி.

மாதரி மனையில் கண்ணகியின் அடுப்பு

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் வேறொரு வகை வழியுணவு வருகிறது. புகாரிலிருந்து மதுரை வரை நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் ஆயர் மகள் மாதரியின் பாதுகாப்பில் தங்குகின்றனர். கோவலன் சாவக நோன்பு உடையவன் ஆதலால், கண்ணகி பகற்பொழுதிலேயே சமைப்பதற்கு உரிய கலங்கள் தரப்படுகின்றன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பால்படு பொருள்கள் ஆகியவற்றை ஆயர் மகளிர் கொடுக்கின்றனர். கண்ணகி காய் அரிகையில் மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை தீ மூட்டித் துணைநிற்கிறாள். தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்திலை விரித்துக் கோவலனுக்குப் படைக்கிறாள். அவன் உண்ட கடைசி உணவு அது.

பெரும்பாணாற்றுப்படையில் இடையர் குடி பாணனுக்குத் தினைச்சோற்றையும் பாலையும் ஆக்கிய உணவாகவே தந்தது. இங்கே அதே ஆயர் குடி வணிகனுக்கு அரிசியும் காயும் தருகிறது. சமையல் பயணியின் கையில் விடப்படுகிறது. இளங்கோ கூறும் காரணம் நோன்பு, குலம் அன்று. அந்தக் காரணத்தைத் தாண்டிப் பொருள் காண்பது மிகையாகும். ஆயினும் வழிப்போக்கர் தம் ஒழுக்கத்தை அடுப்பின் வழியே காத்துக்கொள்ளும் முறை ஒன்று நிலைபெற்று வருவதை இக்காட்சி உணர்த்துகிறது. பிற்காலத்தில் அம்முறைக்குள் குலம் எளிதாகக் குடிபுகுந்தது.

பெரியபுராணத்தில் அம்மாற்றம் முற்றிவிட்டதைக் காணலாம். திருஞானசம்பந்தரோடு சாத்தமங்கைக்கு வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் துணைவியாருக்கும் இரவு தங்க இடம் தருமாறு அந்தணராகிய திருநீலநக்கரிடம் சம்பந்தரே கேட்க வேண்டியிருக்கிறது. நீலநக்கர் வேள்வித் தீ வளரும் வேதிகையின் பக்கத்தில் இடம் தருகிறார். தீ வலஞ்சுழித்து ஓங்குகிறது. அற்புதம் நிகழ்ந்தே தீர வேண்டிய அளவுக்குப் பாணர் அந்தணர் மனையில் தங்குவது அரியதாகிவிட்டது. ஆற்றுப்படைப் பாணனுக்கு எந்த அற்புதமும் தேவைப்படவில்லை.

சேக்கிழார் காட்டும் பொதிசோற்றுக் கதைகளும் இவ்விடத்து நோக்கத்தக்கன. திருப்பைஞ்ஞீலி செல்லும் வழியில் பசியால் தளர்ந்த நாவுக்கரசருக்கும், திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் சிவபெருமான் பொதிசோற்றோடு காத்திருக்கிறார். திருக்கச்சூரில் ஒருபடி மேலே சென்று, நண்பகலில் வீடுதோறும் இரந்து சோறு கொணர்ந்து சுந்தரருக்குத் தருகிறார். நெடுந்தொலைவு நடந்த அடியார் கூட்டத்துக்கு வழியில் உணவு கிடைப்பது உறுதியற்றதாக இருந்தது என்ற நடப்பியல் இக்கதைகளுக்கு அடியில் உள்ளது. திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசரின் பெயரால் அமைத்த தண்ணீர்ப்பந்தலும், சோழர் காலக் கல்வெட்டுகளில் அபூர்விகளுக்கும் தேசாந்திரிகளுக்கும் உணவளிக்க விடப்பட்ட நிவந்தங்களும் அவ்வுறுதியின்மைக்கு நிறுவன வடிவில் அளிக்கப்பட்ட விடைகள். அவ்விடைகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. பயனாளர் இன்னார் எனக் கல்வெட்டே வரையறுப்பது பெரும்பான்மை.

அடுக்களையின் சோதனைகள்

சோறு கட்டிச் செல்வது எளிய செயலன்று. நெல்லரிசிச் சோறு ஈரம் மிக்கது. வெப்ப நாட்டில் ஒரு பகலுக்குள் நீர்விட்டுக் கெடும். அதை இரண்டு நாள் தாங்கச் செய்வது ஒரு தொழில்நுட்பச் சிக்கல். அச்சிக்கலுக்கு வீட்டு அடுக்களைகள் பல தலைமுறைகளாகச் செய்து பார்த்துக் கண்ட தீர்வுகளே இன்று சித்திரான்னம் என்ற பெயரில் சுவைப் பண்டங்களாக எஞ்சியுள்ளன.

புளியோதரையில் சோறு சற்று விறைப்பாக வடிக்கப்படுகிறது. அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆவி போக ஆறவிட்டு, நல்லெண்ணெய் பிசறிப் பருக்கைகளைப் பிரிக்கின்றனர். அதன் பின்னரே புளிக்காய்ச்சல் சேர்கிறது. காய்ச்சலில் நீர் முற்றிலும் வற்றி எண்ணெய் மேலே மிதக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் வழங்கும் விதி. ஈரக் குறைப்பு, புளியிலுள்ள அமிலம், உப்பு, காற்றுப் புகாத எண்ணெய்ப் படலம் ஆகிய நான்கு தடைகளும் ஒருங்கே செயற்படுகின்றன. நுண்ணுயிர் பற்றிய அறிவு பரவுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே இந்த விதி கையறிவாக வழங்கியிருத்தல் வேண்டும்.

தயிர்ச்சோற்றுக்கு வேறு கணக்கு. தயிரில் பிசைந்து காலையில் கட்டினால் நண்பகலில் புளித்துவிடும். ஆகவே சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சிய பாலை மிகுதியாக ஊற்றி, உறைமோர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்துக் கட்டுவர். வழியில் அது உறைந்து, உண்ணும் வேளையில் புதுத் தயிர்ச்சோறாகிறது. பயணத்தின் தொலைவையும் வெயிலையும் கணித்து உறைமோரின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆக்குபவள் தான் காணாத ஓரிடத்தில், தான் இல்லாத ஒரு வேளையில் நிகழப்போகும் புளிப்பை முன்கூட்டியே அளந்து கட்டுகிறாள். சோதனை என்ற சொல் இதற்கு முழுமையாகப் பொருந்தும்.

கட்டும் பொருளும் இவ்வறிவின் பகுதியே. வாழை இலையை அனலில் வாட்டினால் மடிக்கையில் கிழியாது. மந்தாரை இலையும் பாக்குமட்டையும் ஈரத்தைத் தாங்கும். புளிப்புப் பண்டத்தைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும் என்பதால் ஈயம் பூசிய பாத்திரமோ கல்சட்டியோ பயன்பட்டது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்டலி, மூங்கிற் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கப்படுவது; மிளகு, சீரகம், சுக்கு சேர்வது; மிளகாய் சேராதது. மிளகாய் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே இந்தியக் கடற்கரைக்கு வந்த பயிர். கோயில் மடைப்பள்ளிகள் பல அதை விலக்கி மிளகைத் தக்கவைத்தன. வீட்டு அடுக்களைகளோ தயங்காமல் ஏற்றன. இன்றைய புளிக்காய்ச்சலில் வற்றல் மிளகாயும் நிலக்கடலையும் இடம்பெறுவது, மரபு எனக் கருதப்படும் பண்டமும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களை உள்வாங்கி மாறியதே என்பதற்குச் சான்று. இவ்வகையில் வீடு கோயிலைவிடத் துணிச்சலான சோதனைக் கூடமாக இருந்துள்ளது.

கட்டுச்சோறு பயணத் தேவையைக் கடந்து சடங்காகவும் இன்பமாகவும் வளர்ந்தது. ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குச் சென்று புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர்ச் சோறுகளை உண்பது காவிரிக்கரை வழக்கம். திருமணம் முடிந்து திரும்பும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் கட்டுச்சாதக் கூடை தருகின்றனர். கொங்குப் பகுதியில் கருவுற்ற மகளுக்குத் தாய்வீட்டார் பலவகைச் சோறு கொணர்ந்து அளிப்பதே கட்டுச்சோறு விருந்து எனப்படுகிறது. ஆற்றங்கரை தவிர ஏனைய இரண்டிலும் உணவு பயணம் செய்வது மணவுறவு என்னும் வழியில்தான்.

சத்திரமும் அரிசிப்படியும்

சமைத்த சோற்றை விலைக்கு விற்பது தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டது என்பதைத் தொ. பரமசிவன் எடுத்துக்காட்டியுள்ளார். இதற்கு ஒரு நுண்ணிய திருத்தம் தேவை. மதுரைக்காஞ்சியில் இரவுக் கடையில் மெல்லடையும் மோதகமும் விற்கும் கூவியர் வருகின்றனர்; பெரும்பாணாற்றுப்படையிலும் பாகோடு கூடிய அப்பம் செய்யும் கூவியர் உண்டு. பண்ணியம் விற்கப்பட்டது, சோறு விற்கப்படவில்லை என்பதே சரியான வேறுபாடு. சோற்றுக்கு விலையில்லை ஆதலால், அதைத் தர ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் கையால் உண்ணப் பயணி இசைந்தாகவும் வேண்டும். பிற்காலத்தில் இவ்விரண்டாம் நிபந்தனையே சிக்கலாயிற்று.

தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள் அச்சிக்கலை எதிர்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. இராமேசுவரம் செல்லும் பெருவழியில் அவை வரிசையாக அமைந்திருந்தன. ஆட்சியதிகாரம் 1799இல் கும்பினியாரிடம் சென்ற பின், சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விடுமாறு இரண்டாம் சரபோசி 1801இல் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் அவற்றின் நடைமுறையை விரிவாகக் கூறுகிறது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு அளிக்கப்பட்டது. ஆக்கிய சோற்றை ஏற்க விரும்பாதோர்க்கு அரிசியும் செலவுச் சரக்கும் தரப்பட்டன. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதோர் உளரா என அறிவித்து அழைத்தனர். நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவமும் குழந்தைகளுக்குப் பாலும் உண்டு. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இவற்றுள் புகழ்பெற்றது.

நள்ளிரவு மணி இக்கடிதத்தின் மிக அழகிய செய்தி. மேற்கோள் காட்டுவோர் அதையே காட்டுகின்றனர். ஆனால் அரிசியாகப் பெறுவோர் பற்றிய சிறு குறிப்புதான் சமூக வரலாற்றுக்கு முதன்மையானது. எல்லோருக்கும் வாயில் திறந்த அதே நிறுவனம், பிறர் ஆக்கியதை ஏற்காத உரிமையையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. பசியை அது நீக்கியது. உடனுண்ணாமையை நீக்க முனையவில்லை. கும்பினியாருக்கு எழுதிய விண்ணப்பம் என்பதால் சரபோசி தம் அறத்தைச் சற்று மிகுத்தே கூறியிருப்பார் என்ற எச்சரிக்கையும் இதனோடு சேர வேண்டும். தஞ்சையின் மோடி ஆவணங்களிலுள்ள சத்திரக் கணக்குகளைக் கடிதத்தோடு ஒப்பிட்டு நோக்கும் ஆய்வு இவ்வையத்தைத் தீர்க்க உதவும்.

சத்திரம் இல்லாத நெடுவழியில் வசதி படைத்தவர் தம் அடுக்களையையே உடன் கொண்டு சென்றனர். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். நூற்றுக்கு மேற்பட்டோர் உடன் சென்றனர். ஐதராபாத்து, நாகபுரி, காசி, கல்கத்தா, பூரி எனச் சென்ற அப்பயணத்தின் தெலுங்கு நாட்குறிப்பு 1838இல் அச்சாயிற்று. தங்கும் ஊர்தோறும் கடை உண்டா, தண்ணீர் நல்லதா, பண்டங்கள் கிடைக்குமா என்பன இடையறாது பதிவாகின்றன. பின்வரும் யாத்திரிகர்க்கு அது கையேடு. எயினர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று கூறிய ஆற்றுப்படைக்கும், எந்த ஊரில் அரிசிக்கடை உண்டு என்று கூறும் இந்நாட்குறிப்புக்கும் நோக்கம் ஒன்றே. ஒன்று வீட்டைக் காட்டுகிறது; மற்றொன்று கடையைக் காட்டுகிறது.

தொடர்வண்டியில்

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதை 1856 சூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாசா ரோடுக்கும் இடையே திறக்கப்பட்டது. பல நாள் வழி சில மணி நேரமாகச் சுருங்கியதும் கட்டுச்சோறு தேவையற்றுப் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. பெட்டிக்குள் யாரென்று தெரியாதவர் அருகில் அமர நேர்ந்தது. இறங்கி அடுப்பு மூட்டவும் இயலாது. ஆகவே மூட்டையின் தேவை கூடியது. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்டலி, கூசாவில் வீட்டுத் தண்ணீர், பின்னர் அடுக்குத் தூக்கு ஆகியன தொடர்வண்டிக் காலத்தின் அடையாளங்களாயின. இவற்றை நினைவேக்கத்தோடு மட்டும் பேசுவது பாதி உண்மையையே பேசுவதாகும். வீட்டு உணவின் மீதான விருப்பமும் பிறர் தொட்டதன் மீதான அச்சமும் ஒரே தூக்கில் சென்றன.

நிலைய உணவகங்கள் அவ்வச்சத்தைக் கட்டடமாக்கின. தென்னிந்தியத் தொடர்வண்டி நிலையங்களில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி உண்ணுமிடங்கள் இருந்தன. ஊர்களில் பெருகிய காப்பி கிளப்புகளிலும் இதே ஏற்பாடு. பிராமணர் சமைத்ததை எல்லோரும் உண்ணலாம் என்ற பழைய சத்திர வழக்கே ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகைக்கு வணிக மதிப்பைத் தந்தது. காப்பி பற்றிய ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வு இந்தப் புதிய பொதுவெளியில் சாதி எவ்வாறு இடம் பிடித்தது என்பதைக் காட்டுகிறது. சுயமரியாதை இயக்கம் தொடர்ந்து கண்டித்ததன் பின், நிலைய உணவகங்களில் இப்பிரிவினை 1941இல் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் உறுப்பு பொது உணவகங்களில் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்றது. அதன் பின்னும் பெயர்ப்பலகைகள் இருந்தன. 1957இல் பெரியார் அவற்றுக்கு எதிராகச் சென்னையில் போராட்டம் தொடங்கினார். காசு கொடுத்து ஒரு வேளைச் சோறு உண்பதற்கு எயிற்றியின் உடைந்த அடுப்பில் இல்லாத ஒரு தடையைக் கடக்க வேண்டியிருந்தது.

அதே பத்தாண்டில்தான் வீட்டுச் சமையலறிவு பெண்ணின் பெயரோடு பரவலாக அச்சேறியது. அச்சில் சமையல் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. தஞ்சை அரண்மனைச் சமையலைப் பதிவு செய்த சரபேந்திர பாகசாத்திரமும் சுவடியாக இருந்தது. அவை நல்லியக்கோடன் அவையின் வீமநூல் மரபில் வருபவை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ வேறு வகையைச் சார்ந்தது. உறவினர் வீட்டுப் பெண்கள் செய்முறை கேட்டுக் கேட்டு எழுதியதன் விளைவாக, தாய்மாமன் முறையினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் தூண்டுதலால் உருவான நூல் அது. ஊர்விட்டுச் சென்ற பெண்ணுக்கு, அடுப்படியில் உடன் நின்று கற்பிக்கத் தாய் இல்லாத இடத்தில், அளவும் பக்குவமும் எழுத்தாயின. நூலின் பெயரிலேயே சோதனை உள்ளது: சமை, பின் பார்.

அந்நூல் பதிவு செய்வது தமிழ்ச் சமையல் முழுமையையும் அன்று. ஒரு சமூகப் பிரிவின் சைவ உணவை மட்டுமே. உமணப் பெண்ணின் காடிக் கலத்திலிருந்து மீனவர் கருவாட்டுத் தொக்கு வரை, வழியுணவின் எஞ்சிய பெரும்பரப்பு இன்னும் கைவழக்காகவே உள்ளது. உறைமோரை எவ்வளவு வெயிலுக்கு எவ்வளவு குறைப்பது என்ற கணக்கை வாய்மொழியாகத் தொகுக்கும் களப்பணியை, அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் உள்ளபோதே தொடங்க வேண்டும்.